ரஞ்சன்குடி ஸ்டாப்பிங் கிடையாது

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு பொய் சொல்ல விரும்பல, சோம்பேறித்தனம்தான். இன்னிக்கு எழுத ஒரு விஷயம் இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல இத்தாலி. (குன்னம் பக்கத்துக் கிராமத்தான் இத்தாலி போய்ட்டு வந்தா அதை நாலு பேர்கிட்ட சொல்லாம இருக்க முடியுமா? மன்னிச்சு விட்ருங்க.)

போன வருஷம் ஆபீஸ்ல மூணு வாரத்துக்கு ரோமுக்கு அனுப்பினாங்க. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் நான் பார்த்தது மீட்டிங் ரூம் சுவத்தை மட்டும்தான். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, கூட வேலை பார்த்த இத்தாலிக்காரர் ஒருத்தர், "ஓர்வியெத்தோ போய்ட்டு வா, ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்"னார். சரின்னு கிளம்பிட்டேன்.

ரயில் ஜன்னல்ல பார்க்கும்போதே ஆளை அசத்துற ஊர் அது. கத்தியால நறுக்கி வச்ச மாதிரி நாலு பக்கமும் செங்குத்தா ஒரு பாறை. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையாம். அதோட தலையில ஒரு முழு ஊரே உட்கார்ந்திருக்கு. ஸ்டேஷன்ல இருந்து மேலே போக கயித்துல இழுக்கிற குட்டி ரயில், நம்ம பழனி விஞ்ச் மாதிரி. மேலே 1290-ல கட்ட ஆரம்பிச்ச பெரிய தேவாலயம், கருப்பும் வெளுப்புமா பட்டை போட்ட சுவரோட நிக்குது. சந்துக்குள்ள நடந்தா ஜன்னல்ல துணி காயுது, யாரோ பூண்டு வதக்குற வாசனை, ஒரு பாட்டி பூனையைத் திட்டிட்டு இருக்காங்க. திட்டுறதுக்கு பாஷை தெரிய வேண்டியதில்லைங்கிறது அங்கேதான் புரிஞ்சுது.

ஊருக்கு வந்ததும் அப்பாகிட்ட போட்டோ எல்லாம் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தார். எனக்கு இந்த போட்டோ காட்டுற வேலைன்னாலே பயம். எங்க அப்பா கேக்குற கேள்வி அப்படி.

"இதுல ஜனம் இருக்கா, இல்ல சும்மா காட்டுறதுக்கு வச்சிருக்கானா?"

"இருக்காங்கப்பா. துணி காயுது பாருங்க."

"அவ்ளோ உசரத்துல தண்ணிக்கு என்னா பண்றான்?"

நல்லவேளை, அதுக்குப் பதில் தெரியும். 1527-ல ரோம் நகரத்தைப் படை புகுந்து சூறையாடினப்ப போப் ஏழாம் கிளமெண்ட் தப்பிச்சு ஓர்வியெத்தோவுக்கு வந்துட்டார். முற்றுகை போட்டா தண்ணி இல்லாம செத்துருவோமேன்னு ஒரு கிணறு வெட்டச் சொன்னார். பத்து வருஷம் கழிச்சு, 1537-ல வேலை முடிஞ்சப்ப அவரே உயிரோட இல்ல. 53 மீட்டர் ஆழம். உள்ளே சுத்திச் சுத்தி இறங்குற படி, 248 படி. அதுலயும் ரெண்டு தனித்தனி படிக்கட்டு, ஒண்ணையொண்ணு எங்கேயும் தொடாது. தண்ணி தூக்குற கோவேறு கழுதை ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏறி வந்துரும், நடுவுல முட்டிக்காது.

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஒன்வே போட்டிருக்கான். கெட்டிக்காரன்."

அப்புறம் தூரத்துல இருந்து எடுத்த அந்த முதல் போட்டோவுக்குத் திரும்பப் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம ரஞ்சன்குடி மாதிரியே இருக்குடா தம்பி."

"நீங்க ரஞ்சன்குடி கோட்டைக்குள்ள போயிருக்கீங்களாப்பா?"

"பஸ்ல இருந்து பார்த்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். போனைத் திருப்பிக் குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டார். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அப்பா அரசு பஸ்ல கண்டக்டர். 28 வருஷ சர்வீஸ். நடுவுல சில வருஷம் வேற ரூட்ல ஓடினாலும் பெரும்பாலும் திருச்சி - சென்னைதான். அந்த ரோட்டுல பெரம்பலூர் தாண்டி வடக்கே போனா வாலிகண்டபுரம். அதையும் தாண்டினா, பெரம்பலூர்ல இருந்து சுமாரா 17 கிலோமீட்டர்ல, ரோட்டுல இருந்தே தெரியும் ரஞ்சன்குடி கோட்டை. தட்டையான கரிசக்காட்டுக்கு நடுவுல ஒரு பாறைக் குன்று, அதைச் சுத்தி அடுக்கடுக்கா மதில்.

முழுப் பரீட்சை லீவுல என்னையும் சில தடவை பஸ்ல கூட்டிட்டுப் போவார். பெரம்பலூர்ல கூட்டம் ஏறும். அப்பா கம்பியில சாஞ்சுக்கிட்டே டிக்கெட் கிழிச்சு, சில்லறை குடுத்து, இன்வாய்ஸ் எழுதி முடிச்சு நிமிர்ந்தா கோட்டை வந்திருக்கும். அதுதான் அவருக்குக் கணக்கு. "கோட்டை வந்துச்சுன்னா பெரம்பலூர் டிக்கெட் முடிஞ்சிருக்கணும். முடியலைன்னா நம்ம கைவேலை சரியில்லைன்னு அர்த்தம்"பார். அப்புறம் என் பக்கம் குனிஞ்சு ஜன்னல் வழியா கையைக் காட்டுவார். "அதோ பாரு. நவாப் கோட்டை. ஒருநாள் போய்ப் பார்க்கலாம்."

"இப்பவே எறங்கலாமேப்பா?"

"ரஞ்சன்குடி ஸ்டாப்பிங் கிடையாதுடா."

ஒவ்வொரு தடவையும் இதே வசனம். எனக்கு மனப்பாடம்.

நானும் சென்னையில வேலைக்குப் போனேன். அதே ரோடு நாலு வழிச்சாலை ஆச்சு. ராத்திரி பஸ்ல குறட்டை விட்டுக்கிட்டுக் கோட்டையைத் தாண்டினேன். அப்புறம் கார் வாங்கி, ஏசி போட்டு, பாட்டு போட்டுத் தாண்டினேன். உளுந்தூர்பேட்டையில டீக்கு நிறுத்துவேன், திருமாந்துறை டோல்கேட்ல காசு கட்ட நிறுத்துவேன். கோட்டைக்கு நிறுத்தினதில்ல. சொந்தக் கார்ல போறவனுக்கு எந்த ஊர்லதான் ஸ்டாப்பிங் கிடையாது? பாஸ்போர்ட், விசா, ரெண்டு விமானம், ஒரு ரயில், ஒரு விஞ்ச் எல்லாம் ஏறி இத்தாலிக்காரன் குன்றைப் பார்த்துட்டு வந்தவன், எங்க அப்பா 28 வருஷமா கையைக் காட்டின குன்றைப் பார்க்கல. இதை எழுதும்போது இப்பவும் கூச்சமாத்தான் இருக்கு.

இந்தப் பொங்கல் லீவுல தங்கமணிகிட்ட சொன்னேன், காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில கிளம்புறோம்னு. அம்மாதான் குறுக்கே நின்னாங்க. "அவரு மூட்டு இருக்கிற இருப்புக்குக் கோட்டை ஏறணுமா? வீட்டுப் படியே ஏற மாட்டேங்குறாரு." அப்பா ஒண்ணும் பேசல. சட்டையை மாட்டிக்கிட்டு, வாட்ச்சைக் கட்டிக்கிட்டு, கார்ல முன்சீட்ல போய் உட்கார்ந்துட்டார். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்கல.

வழியில வாலிகண்டபுரத்துல பத்து நிமிஷம் நிறுத்தினோம். வாலி வந்து சிவனைக் கும்பிட்ட ஊருன்னு தலபுராணம். வாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்துது. இன்னிக்குப் பார்த்தா சாதாரண ரோட்டோர ஊருதான், ஆனா ஒரு காலத்துல இது ஒரு சீமைக்கே தலைமை. 1670-கள்ல பீஜப்பூர் சுல்தானோட ஆளா இங்கே இருந்து ஆண்டவர் ஷேர்கான் லோடி. பிரெஞ்சுக்காரங்களுக்குப் பாண்டிச்சேரியில இடம் குடுத்ததே அவர்தான். 1677-ல சிவாஜி படை வந்து அவரைத் தோற்கடிச்சது. பாண்டிச்சேரி போய் போட்டோ எடுத்துக்கிறவங்க இனிமே வாலிகண்டபுரத்துக்கும் ஒரு கும்பிடு போடுங்க.

கோட்டை வாசலுக்குப் போனப்ப மணி எட்டு. தொல்லியல் துறையோட நீலப் பலகை ஒண்ணு, ரெண்டு நாய், ஆடு மேய்க்கிற ஒரு அம்மா. வேற யாருமில்ல. பதினேழாம் நூற்றாண்டுல கர்நாடக நவாப்புக்குக் கீழ இருந்த ஒரு ஜாகீர்தார் கட்டினது. நீள்வட்டமா அமைஞ்ச கோட்டை, சுத்தி அகழி, அரைவட்டமா முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற கொத்தளங்கள். செங்கல் இல்ல, செதுக்கி அடுக்கின கல்லு. மதில் மூணு அடுக்கு, ஒண்ணைவிட ஒண்ணு உசரத்துல. கீழ்ப்பகுதிக்குப் பேட்டைன்னு பேரு, உச்சிக்குக் கோட்டைமேடு.

முதல் வாசலை அப்பா சுலபமாத் தாண்டிட்டார். உள்ளே நுழைஞ்சதும் வழி நேரா போகல, வளைஞ்சு திரும்புது. "நேரா விட்டா யானை ஓடி வந்து முட்டும், அதான் திருப்பி விட்டிருக்கான்"னு அவரே பாப்பாவுக்கு விளக்கம் சொன்னார். ரெண்டாவது அடுக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. ஒரு சுவர் நிழல்ல உட்கார வச்சோம்.

சும்மா உட்காராம நான் படிச்சதை அவருக்குச் சொன்னேன். 1751. ஆற்காட்டு நவாப் பதவிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்ட காலம். சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரன் துணை, முகமது அலிக்கு இங்கிலீஷ்காரன் துணை. முகமது அலி திருச்சியில அடைஞ்சு கிடக்கார். அவரைப் பிடிக்க சந்தா சாகிப் படை இந்த வழியா வருது. அதைத் தடுக்க கேப்டன் ஜிஞ்சன் தலைமையில இங்கிலீஷ் படை வந்து இங்கேதான் டேரா போட்டுது. ராபர்ட் ஓர்ம்னு ஒரு இங்கிலீஷ் வரலாற்றாசிரியர் இந்த இடத்தை வால்கொண்டான்னு எழுதி வச்சிருக்கார். பாறையைச் சுத்தி மூணு மதில், கீழே ஒரு கல்கோட்டை, அதையொட்டி மண்சுவர் போட்ட ஒரு ஊருன்னு அவர் சொல்ற வர்ணனையை வச்சுக்கிட்டு இன்னிக்கும் நீங்க கோட்டையைச் சுத்தி வரலாம்.

கோட்டைக் காவல்ல இருந்தவர் பாடுதான் திண்டாட்டம். ரெண்டு பக்கமும் ஆள் அனுப்பி, என் பக்கம் வா, என் பக்கம் வான்னு கூப்பிடுறாங்க. இவர் ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையா நாளை ஓட்டுறார்.

அப்பா சிரிச்சுட்டார். "ரெண்டு பக்கமும் டிக்கெட் போட்டிருக்கான். யாரு செக்கிங் வந்தாலும் காட்டிக்கலாம்ல!"

கடைசியில இங்கிலீஷ்காரனுக்குப் பொறுமை போச்சு. கீழே இருந்த ஊருக்குள்ள புகுந்து நெருப்பு வச்சான். கல்கோட்டையை மட்டும் பிடிக்க முடியல. காவல்காரர் பிரெஞ்சுப் பக்கம் சாஞ்சுட்டார். மறுபடி சண்டை மூண்டப்ப இங்கிலீஷ் சிப்பாய்ங்க பயந்து பின்வாங்கி ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைத் திருப்பிக் கொண்டு வரப் பார்த்து முடியாமப் போனவங்கள்ல ஒருத்தர் இளவயசு ராபர்ட் கிளைவ். ஆமாங்க, அதே கிளைவ்தான். இங்கே தோத்து திருச்சிக்கு ஓடின அதே 1751-லதான் அவர் ஆற்காட்டைப் பிடிச்சு பாடப் புத்தகத்துல ஏறினார். சந்தா சாகிப்புக்கு அடுத்த வருஷமே தலை போச்சு.

"ஊரைக் கொளுத்துனானே, அந்த ஜனம் என்னா ஆச்சு?"ன்னு கேட்டார் அப்பா.

போப் எங்கே ஒளிஞ்சார்னு தேதியோட சொல்லத் தெரிஞ்சவனுக்கு, இதுக்கு வாயடைச்சுப் போச்சு. படிச்ச பக்கத்துல எல்லாம் கேப்டன் பேரு இருந்துச்சு, தளபதி பேரு இருந்துச்சு. வீடு எரிஞ்சவன் பேரு ஒண்ணுகூட இல்ல.

"நீங்க மேல போய்ட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்"னார். தண்ணி பாட்டிலை அவர்கிட்ட குடுத்துட்டு, நானும் தங்கமணியும் பாப்பாவும் ஏறினோம்.

மேலே பூமிக்கடியில கட்டின அறைங்க இருக்கு. தானியம் வைக்கன்னு ஒருத்தர், வெடிமருந்துக்குன்னு ஒருத்தர், ஜெயில்னு ஒருத்தர், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இடிஞ்ச மாளிகைச் சுவர்ங்க நிக்குது. கீழே பேட்டைக்குப் போற சுரங்கவழி பத்தி ஆடு மேய்க்கிற அம்மாகிட்ட கேட்டா ஒரு மணி நேரம் கதை சொல்லுவாங்க. சுவர் பூரா நம்ம காதல் மன்னர்கள் ஆணியால கீறின அம்பு விட்ட இதயங்கள். பீஜப்பூர், பிரெஞ்சு, இங்கிலீஷ் எல்லாரும் போய்ட்டான், இவனுங்க மட்டும் போக மாட்டேங்குறானுங்க.

ஓர்வியெத்தோ ஞாபகம் வந்துச்சு. அங்கே மதிலுக்குள்ள துணி காயுது, இங்கே ஆட்டுப் புழுக்கை காயுது. நம்ம பெரம்பலூர், அரியலூர் சீமைக்கு இது வாடிக்கைதான். கங்கைகொண்ட சோழபுரம் ராஜேந்திர சோழனோட தலைநகரம். அந்த அரண்மனை இன்னிக்கு மாளிகைமேட்டுல செங்கல் அடித்தளம் மட்டும்தான். கோயிலோட வெளிமதில் கல்லை 1836-ல கீழணை கட்டப் பேர்த்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அந்த அணைத் தண்ணியில நெல் விளையுது, அதையும் குறை சொல்ல முடியல. நம்ம ஊரு கல்லுக்கு எப்பவும் வேற எங்கேயோ வேலை இருந்திருக்கு.

அறைக்குள்ள இருந்து வெளியே வந்தா பாப்பா கத்துறா. "அப்பா, தாத்தா!"

கோட்டைமேட்டு மதில் ஓரமா, ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்பா நிக்கிறார். சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக் கிடக்கு. எப்படி ஏறினார், எத்தனை தடவை உட்கார்ந்து ஏறினார், ஒண்ணும் தெரியாது. எனக்குத் திட்டத்தான் வாய் வந்துச்சு. தங்கமணி என் கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

கீழே ரோடு தெரியுது. மக்காச்சோளமும் பருத்தியுமா காடு விரிஞ்சு கிடக்க, நடுவுல கருப்புக் கோடு மாதிரி நாலு வழிச்சாலை. அப்பா கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்னு ரோட்டைத்தான் பார்த்துட்டு இருந்தார். தெற்கே இருந்து ஒரு அரசு பஸ் வருது, தீப்பெட்டி சைஸ்ல. வாட்ச்சைப் பார்த்தார்.

"பெரம்பலூரை விட்டு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இந்நேரம் டிக்கெட் முடிச்சிருப்பான்."

பஸ் கோட்டைக்கு நேரா வந்துச்சு, தாண்டுச்சு, போயே போச்சு. சத்தம்கூட கேக்கல.

"இவ்ளோ சின்னதாவா தெரிஞ்சோம்?"னு கேட்டார். என்கிட்ட கேட்ட மாதிரி இல்ல.

நான் பக்கத்துல போய் நின்னேன். போட்டோ எடுக்கணும்னு தோணல. ஓர்வியெத்தோவுல முந்நூறு போட்டோ எடுத்தவன் நான். இன்னும் ரெண்டு மூணு பஸ் போற வரைக்கும் அப்படியே நின்னோம். ஒரு பஸ்ஸுக்கு மட்டும் பாப்பா கையை ஆட்டினா. தாத்தாவும் ஆட்டினார்.

இறங்குறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. என் தோள்ல ஒரு கை, சுவத்துல ஒரு கை. வீட்டுக்கு வந்தப்ப முட்டி வீங்கிப் போச்சு. அம்மா தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டே எங்க ரெண்டு பேரையும் வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. நாலு நாள் அப்பா திண்ணையை விட்டு இறங்கல. ஆனா தெருவுல போறவங்க "என்ன கண்டக்டரே, காலுக்கு என்னா?"ன்னு கேட்டா, "ரஞ்சன்குடி வரைக்கும் போயிருந்தேன்"னு ஒரு கெத்தோட சொல்லிட்டு இருந்தார்.

நான் செஞ்சது சரியா தப்பான்னு இன்னும் எனக்குத் தெளிவில்ல. மூட்டு நல்லா இருந்த காலத்துல கூட்டிட்டுப் போயிருக்கணும். அந்தக் காலத்துல நான் குறட்டை விட்டுட்டு இருந்தேன். உங்க வீட்டுலயும் யாராவது ஜன்னல் வழியா எதையாவது காட்டிக்கிட்டே இருந்தா, அடுத்த தடவை வண்டியை நிறுத்திருங்க மக்களே. அவ்வளவுதான் இந்தப் பதிவு.

போறவங்களுக்கு: எக்ஸ்பிரஸ் பஸ் நிக்காது (தலைப்பைப் பார்க்க!). பெரம்பலூர்ல இறங்கி டவுன் பஸ் பிடிங்க, இல்ல சொந்த வண்டியில போங்க. காலையிலயே ஏறிடுங்க, மேலே நிழல் கிடையாது. தண்ணி எடுத்துட்டுப் போங்க, பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. ஆணியை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க.

பி.கு: இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த இத்தாலிக் கிணத்துல எத்தனை படின்னு சொன்ன?"ன்னார். 248-ன்னேன். "நம்ம கோட்டையில எண்ணினியா?" இல்லைன்னேன். "நான் எண்ணினேன்"னார். எத்தனைன்னு கேட்டா, "நீயே போய் எண்ணிப் பாரு"ன்னுட்டார்.